குழியில் விழுந்த கேளையாடு ஏன் செத்தது?

கோத்தகிரிக்குப் பக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறீர்கள். செப்டிக் டேங்குக்காகத் தோண்டிப் போட்டிருந்த ஆறடிக் குழியில் நேற்று முன்தினம் காலை ஒரு கேளையாடு, அதாவது குரைக்கும் சின்ன மான், கிடந்தது. வேலைக்கு வந்த ஆட்கள் நான்கு பேர் உள்ளே இறங்கி, காலைக் கட்டி, கயிறு போட்டு மேலே தூக்கினார்கள். அது திமிறவில்லை, சாதுவாக இருந்தது. பிள்ளைகள் தடவிக் கொடுத்தார்கள், வாயில் தண்ணீர் ஊற்றினீர்கள், போட்டோ எடுத்தீர்கள். ஒரு மணி நேரம் கழித்து அவிழ்த்து விட்டதும் தேயிலைக்குள் ஓடிப்போனது. மறுநாள் காலை நூறடி தள்ளிச் செத்துக் கிடந்தது. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. அங்கேயே புதைத்துவிட்டீர்கள். நாங்கள் என்ன தப்பு செய்தோம், இனிமேல் எந்த மிருகமாவது இப்படி மாட்டிக்கொண்டால் எப்படிக் காப்பாற்றுவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் நீலகிரியில் கால்நடை மருத்துவராக 22 வருடம் வேலை பார்த்தவள். என் வேலை ஆடு மாடுகளோடுதான். ஆனால் வனத்துறை மருத்துவர் முதுமலைப் பக்கம் இருக்கும் நாட்களில், இங்கே ஏதாவது மாட்டிக்கொண்டால் ரேஞ்சர் என்னைத்தான் கூப்பிடுவார். அப்படிப் போன இடங்களில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் அவசரமான ஒன்று. செத்தது ஆணா பெண்ணா என்று நீங்கள் எழுதவில்லை. கேளையாட்டில் ஆணுக்குத்தான் கொம்பு உண்டு. மேல்வாயில் கோரைப்பல் வெளியே தெரியும். கொம்பில்லாத பெண்ணாக இருந்து, மடியும் பெருத்திருந்தது என்று யாருக்காவது ஞாபகம் இருந்தால், பக்கத்துப் புதரில் குட்டி ஒன்று படுத்திருக்கலாம். இந்த ஜாதி மிருகங்கள் குட்டியைப் புதருக்குள் ஒளித்துவைத்துவிட்டு மேயப் போகும். தாய் வரும்வரை குட்டி அசையாது. நீங்கள் தேடி இறங்க வேண்டாம். நாலு பேர் புகுந்தால் அது பயந்து ஓடி நாய் வாயில் விழும். இதைப் படித்ததும் வனக்காப்பாளரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், நாய்களை இன்று கட்டிப் போடுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்தக் கேளையாட்டைக் கொன்றது பெரும்பாலும் பயம். வாய்ப்பேச்சுக்காகச் சொல்லவில்லை, உடம்புக்குள் நிஜமாகவே நடக்கிற விஷயம். மருத்துவத்தில் கேப்சர் மயோபதி என்போம். மானினம் பிடிபடும்போது உயிர் போகிற பயத்தில் தசைகளை எல்லை மீறி முறுக்கும். ஓடுவதற்கென்று உடம்பு திரட்டிய சக்தி முழுக்க, ஓட வழியில்லாமல் தசைக்குள்ளேயே எரியும். அமிலம் சேரும், உடல் சூடு ஏறும், தசைநார்கள் சிதையும். சிதைந்த தசையிலிருந்து வெளியாகும் பொருள் ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தை அடைக்கும், இதயத்தையும் பாதிக்கும். சில நேரம் கையிலேயே செத்துவிடும். சில நேரம் அவிழ்த்துவிட்டதும் நன்றாக ஓடும். ஒரு நாள், இரண்டு நாள், ஏன் ஒரு வாரம் கழித்துக்கூட விழும். வெளியே காயம் தெரியாது. இது ஆரம்பித்துவிட்டால் மருத்துவமனையில் வைத்துப் பார்த்தாலும் மீட்பது கஷ்டம். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். உடற்கூறு செய்திருந்தால் உறுதியாகத் தெரிந்திருக்கும்.

"சாதுவாக இருந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வார்த்தையில் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். நாயோ பசுவோ அசையாமல் நின்றால் பெரும்பாலும் நம்மை நம்புகிறது என்று பொருள். காட்டு மிருகம் அசையாமல் கிடந்தால், இனி தப்ப முடியாது என்ற இடத்துக்கு அது வந்துவிட்டது என்று பொருள். கண் விரிந்திருக்கும், மூச்சு மேலே மேலே வாங்கும், காதைப் பின்னால் மடித்திருக்கும். அந்த நேரத்தில் தடவிக் கொடுக்கும் கை அதற்குச் சிறுத்தையின் கைதான். பிள்ளைகள் அன்பாகத்தான் தொட்டார்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவர்களிடம் உங்களால்தான் செத்தது என்று சொல்லிவிடாதீர்கள். அடுத்த முறை தூர நின்று பார்க்கச் சொல்லிக் கொடுங்கள், போதும். வாயில் தண்ணீர் ஊற்றுவதும் அதே போலத்தான். மிரண்டு மூச்சு வாங்கும் மிருகத்துக்கு ஊற்றிய தண்ணீர் நுரையீரலுக்குப் போகும். மாட்டுக்கு மூங்கில் குழாயில் மருந்து ஊற்றத் தெரிந்தவர்களே இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன்.

அப்படியானால் குழியில் கிடந்ததை என்ன செய்திருக்க வேண்டும்? ஒரு பலகையை வைத்துவிட்டு வீட்டுக்குள் போயிருக்கலாம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் குழி, தொட்டி, கிணறு, அறை என்று எங்கே மாட்டிய மிருகமாக இருந்தாலும், பெரிய காயம் இல்லையென்றால் அதற்கு வேண்டியது வெளியே போக ஒரு வழி. அந்த வழியில் மனிதர் இல்லாமல் இருப்பது. நான் பார்த்து உயிரோடு போனவற்றில் பெரும்பாலானவை இப்படித் தாமாகப் போனவைதான்.

உங்கள் குழி ஆறடி ஆழம். ஒரு பக்கம் எட்டடி நீளம் இருந்தால் பத்தடிப் பலகை சாய்வாக உட்காரும். வழவழப்பான பலகையில் குளம்பு நிற்காது. அடிக்கொரு ரீப்பர் கட்டை குறுக்கே அடித்து, மேலே பழைய சாக்கை விரித்து ஆணி அடியுங்கள். பலகை ஆடக்கூடாது. ஆட்டம் இருந்தால் ஒரு அடி வைத்துவிட்டுத் திரும்பிவிடும், மறுபடி அந்தப் பக்கமே போகாது. பலகை இல்லையென்றால் ஒரு மூலையில் மண்ணைச் சரித்து விடுங்கள். மண் மூட்டைகளைப் படிபோல அடுக்கினாலும் சரி. இறக்கும்போது ஒரே ஆள், சத்தமில்லாமல், மிருகம் நிற்கும் மூலைக்கு எதிர் மூலையில் செய்ய வேண்டும். அப்புறம் எல்லாரும் போய்விட வேண்டும். பத்தடி தள்ளி நிற்பதெல்லாம் போவதில் சேராது. அதன் கண்ணுக்கும் மூக்குக்கும் எட்டாத தூரம் போக வேண்டும். பகலில் விழுந்தது என்றால் அந்தி வரை காத்திருங்கள். வெயில் நேராக அடித்தால் குழியின் பாதியைத் தழையால் மூடி நிழல் செய்யுங்கள். இருட்டியதும் ஏறிப் போய்விடும். காலையில் போய்ப் பாருங்கள்.

தண்ணீர் நிறைந்த தொட்டியில் விழுந்து மூழ்கப் போகிறது, காத்திருக்க நேரமில்லை என்றால் தூக்கத்தான் வேண்டும். அப்போதும் முதலில் செய்ய வேண்டியது கண்ணைக் கட்டுவது. ஒரு துண்டையோ சாக்கையோ தலைமேல் போட்டுக் கண்ணை மறைத்தால் பாதிப் பயம் அடங்கும். மூக்கை மட்டும் மூடிவிடாதீர்கள். காலில் கயிறு கட்டித் தொங்கவிடக் கூடாது, மூட்டு கழன்றுவிடும். வயிற்றுக்கும் மார்புக்கும் அடியில் சாக்கைக் கொடுத்துத் தொட்டில் மாதிரி தூக்க வேண்டும். ஆண் கேளையாடு என்றால் அந்தக் கோரைப்பல் கையைக் கிழித்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். பேச்சே கூடாது. மேலே வந்ததும் காட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பி, துணியை எடுத்து, உடனே விட்டுவிட வேண்டும். போட்டோவுக்காக வைத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் அதன் உயிரிலிருந்து எடுத்த நிமிடம்.

பெரிய மிருகத்துக்கும் இதே வழிதான். சில வருடங்களுக்கு முன் ஒரு ஐப்பசி மழையில், கோத்தகிரிக்குக் கீழே ஒரு தோட்டத்தில் காட்டெருமைக் கன்று ஒன்று கழிவுநீர்க் குழிக்குள் விழுந்துவிட்டது. காட்டெருமை என்று நாம் சொன்னாலும் அது எருமை இனமில்லை, மாட்டினம். காட்டுமாடு என்பதே சரியான பேர். மூன்று நான்கு மாதக் கன்று, இன்னும் செம்பழுப்பு நிறம் மாறவில்லை. நான் போய்ச் சேரும்போது இருநூறு பேர் சுற்றி நின்றார்கள். கன்று ஒரு மூலையில் சுவரோடு ஒட்டி நின்றது. மூக்கில் நுரை. மூச்சு விடும்போதெல்லாம் மழைக் குளிரில் வெள்ளையாக ஆவி போனது. யாராவது சத்தமாகச் சிரித்தால் முழு உடம்பும் ஒரு முறை துள்ளி அடங்கும். தாய் எங்கே என்று கேட்டேன். யாரும் பார்க்கவில்லை. வனக்காப்பாளர் டார்ச்சை மேலே அடித்தார். முப்பது அடி மேலே, சில்வர் ஓக் மரத்தடியில், வெள்ளைக் கால்கள் மட்டும் தெரிந்தன. இருநூறு பேருக்கும் பின்னால் அது அவ்வளவு நேரமாக நின்றுகொண்டிருந்திருக்கிறது. ஒரு டன் வரை எடை போகிற இனம். அது ஒரு முறை இறங்கி வந்திருந்தால் அன்று எத்தனை பேர் வீடு திரும்பியிருப்பார்கள் என்று நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

ஜனத்தை அனுப்பத்தான் ஒன்றரை மணி நேரம் பிடித்தது. தோட்டத் தொழிலாளர் லயத்து அம்மா ஒருத்தி எல்லார் கையிலும் இருந்த போனைப் பிடுங்காத குறையாக விரட்டினாள்: "உன் புள்ள குழியில கெடந்தா இப்படித்தான் படம் புடிப்பியா?" அவள் பேசியது வேலை செய்த அளவுக்கு நாங்கள் கெஞ்சியது வேலை செய்யவில்லை. அப்புறம் ஜேசிபி ஓட்டும் அண்ணன் குழியின் தூரத்து முனையிலிருந்து சரிவாக வெட்டிக்கொண்டு வந்தார். கடைசி இரண்டடி மண்ணை மெஷினால் வெட்ட வேண்டாம், சுவர் கன்றின் மேல் சரிந்துவிடும் என்று சொன்னேன். இரண்டு பேர் மண்வெட்டியால் வெட்டித் திறந்தார்கள். மெஷினை அணைத்து, லைட்டை அணைத்து, எல்லாரும் ஃபேக்டரி வரை நடந்துபோய் உட்கார்ந்தோம். இரண்டு மணிக்கு மேல் ஒரு முறை மண் சரியும் சத்தம் கேட்டது. விடிந்து போய்ப் பார்த்தால் சரிவில் சின்னக் குளம்புத் தடம் மேலே ஏறியிருந்தது. மேலே போனதும் பக்கத்திலேயே பெரிய தடம்.

அன்றிரவு முழுக்க என்னைக் கேட்டது ஒரே கேள்வி: "டாக்டரம்மா, மயக்க ஊசி போட்டுத் தூக்கிடலாமே?" எல்லா இடத்திலும் இதைக் கேட்பார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஊசி பட்டதும் மிருகம் விழுந்துவிடாது. மருந்து ஏறப் பத்து, பதினைந்து நிமிடம் ஆகலாம். மிரண்டிருந்தால் இன்னும் அதிகம். அந்த நேரத்தில் அது வெறிபிடித்து முட்டி மோதும். தண்ணீர் இருக்கிற கிணற்றில் மயங்கினால் மூழ்கிச் சாகும். அசைபோடும் இனங்கள் மயங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் வயிறு உப்பும், இரைப்பையில் இருப்பது மேலே ஏறி மூச்சுக்குழாயில் போகும். எடையைக் கண்ணால் மதிப்பிட்டுத்தான் மருந்தளவு போடுகிறோம். கன்றுக்கு அந்தக் கணக்கு கொஞ்சம் தவறினாலும் போதும். அதனால் மயக்க ஊசி என்பது வேறு வழியே இல்லாதபோது கையில் எடுப்பது. டாக்டர் ஊசி போடவில்லை என்று கோபப்படாதீர்கள்.

அப்படி வேறு வழியில்லாத ஒன்று உண்டு. சுருக்குக் கம்பி. பைக் கிளட்ச் ஒயரை வளையமாக முடிந்து, காட்டுப்பன்றிக்கும் முயலுக்கும் என்று தேயிலைச் செடிகளுக்கு நடுவில் வைத்துவிடுகிறார்கள். சிறுத்தைக்கும் அதே ஒற்றையடிப் பாதைதான். தலை நுழைந்து முன்னங்காலும் கடந்து இடுப்பில் இறுகும். இழுக்க இழுக்க இறுகும், தளராது. நான் நேரில் பார்த்த ஒரு சிறுத்தை, சுற்றிலும் ஆறேழு தேயிலைச் செடிகளை வேரோடு பிய்த்துப் போட்டிருந்தது. கம்பி ரோமத்துக்குள் புதைந்து வெளியில் தெரியவேயில்லை. மயக்கம் கொடுத்த பிறகு கையால் தடவித்தான் கண்டுபிடித்தேன். கட்டரால் வெட்டி எடுத்தோம். எழுந்து நின்றது, தண்ணீர் குடித்தது, கூண்டில் மூன்றாம் நாள் செத்தது. உள்ளே குடலும் சிறுநீரகமும் நசுங்கியிருந்தன. அதற்கு ஒன்றரை வயதுதான் இருக்கும்.

இப்படி எதையாவது பார்த்தால் கிட்டே போகாதீர்கள். கம்பி எந்த இழுப்பிலும் அறுந்துபோகலாம், அறுந்தால் மிருகம் முதலில் பாய்வது கிட்டே நிற்பவர் மேல். கம்பைக் கொண்டு கம்பியைத் தளர்த்தப் பார்க்கவும் கூடாது. ஆட்களை நூறு மீட்டருக்கு அப்பால் நிறுத்தி, வனத்துறைக்குச் சொல்லுங்கள். அதைவிட நல்லது, மாதம் ஒரு முறை உங்கள் வேலியோரமாக நடந்து பார்ப்பது. முழங்கால் உயரத்தில் ஒரு வளையம், ஒரு முனை மரத்திலோ முளையிலோ கட்டியிருக்கும். கண்டால் கழற்றுவதற்கு முன் படம் எடுத்து வனத்துறைக்குத் தெரிவியுங்கள். யார் வைத்தது என்று ஊருக்குத் தெரிந்தே இருக்கும், சொல்லத்தான் யாரும் வருவதில்லை. சிறுத்தை மாதிரி, வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் மிருகம் அதில் மாட்டினால் மூன்று முதல் ஏழு வருடம் வரை சிறை. பன்றிக்குத்தான் வைத்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

வீட்டுக்குள் சிறுத்தை வந்துவிட்டால்? 2023 தீபாவளி அன்று குன்னூர் புரூக்லேண்ட்ஸ் பகுதியில் நாயைத் துரத்திக்கொண்டு ஒரு சிறுத்தை வீட்டுக்குள் புகுந்தது எல்லாருக்கும் தெரியும். உதவிக்கு உள்ளே போன தீயணைப்பு வீரர்கள் உட்படப் பலருக்குக் காயம். ஒரு நாளுக்கு மேல் உள்ளேயே கிடந்துவிட்டு, யாரும் பிடிக்காமல், அதுவாகவே வெளியேறிப் போய்விட்டது. அந்த வீரர்களைக் குறை சொல்லவில்லை, மனிதர் உள்ளே மாட்டியிருக்கும்போது யாராலும் வெளியே நிற்க முடியாது. ஆனால் அந்தச் சம்பவத்தை நினைவில் வையுங்கள். வீட்டில் இருப்பவர்கள் வெளியே வந்துவிட்டார்கள், மிருகம் ஓர் அறையில் தனியாக இருக்கிறது என்றால் அந்த அறைக் கதவை வெளியிலிருந்து சாத்துங்கள். ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது, டார்ச் அடிப்பது, பட்டாசு போடுவது எதுவும் வேண்டாம். மற்றதை வனத்துறை பார்க்கும். நீங்கள் அறைக்குள் இருக்கிறீர்கள், அது கூடத்தில் இருக்கிறது என்றால் உங்கள் கதவைத் தாழிட்டுக்கொண்டு போன் செய்யுங்கள். வாசல் கதவு திறந்திருந்தால் அது போகத்தான் பார்க்கும்.

கரடிக்கு இங்கே எண்ணெய், நெய், வெல்லம் வாசனை பழகிவிட்டது. கோயில் விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்கும் பேக்கரிக்கும் ராத்திரியில் வருகிறது. கடைக்குள் கரடி இருக்கிறது என்று தெரிந்தால் ஷட்டரை இறக்கி அடைக்காதீர்கள். திறந்தே விடுங்கள், வாசலுக்கு நேராக ஒரு ஆள்கூட நிற்கக் கூடாது. வெளியே ஓடி வரும் கரடி தன் வழியில் நிற்பவரைத்தான் தாக்கும், அதுவும் முகத்தில். பக்கவாட்டில், வண்டிக்குள் அல்லது மாடியில் இருந்துகொள்ளுங்கள்.

கூரைக்கு மேல் மரநாய் குடியேறுவது பழைய தகரக் கூரை, ஓட்டு வீடுகளில் வருடா வருடம் நடப்பது. ராத்திரியில் மேலே உருட்டும், மூத்திர வாடை அடிக்கும். வீட்டுக்காரர் கொத்தனாரைக் கூப்பிட்டுப் பகலில் ஓட்டையை அடைத்துவிடுவார். தாய் வெளியே, குட்டிகள் உள்ளே. அல்லது எல்லாமே உள்ளே. நாலு நாள் கத்தும், அப்புறம் நாற்றம். இதற்கு எளிய வழி இருக்கிறது. ஓட்டையில் கசக்கிய செய்தித்தாளைச் செருகி வையுங்கள். காலையில் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. குட்டிகளின் கீச்சுச் சத்தம் கேட்டால் அவை நடமாடும் வரை சில வாரம் பொறுங்கள், தாயே கூட்டிக்கொண்டு போய்விடும். அவசரம் என்றால் பகலில் கூரைக்குள் ஒரு பல்பு எரியவிட்டு, ரேடியோவைப் பாட விடுங்கள். தூக்கம் கெட்டால் வேறு இடம் பார்க்கும். தொடர்ந்து மூன்று ராத்திரி தாள் அசையவில்லை என்றால் அடைத்துவிடலாம்.

காய்கறித் தோட்டத்து நைலான் வலையில் பாம்பு மாட்டுவது, அதிலும் சாரைப்பாம்பு, சாதாரணமாக நடப்பது. இழுத்தால் செதிலோடு தோல் உரியும். பாம்பு பிடிப்பவர் வரும்வரை மேலே ஈரத் துணியைப் போட்டு நிழல் செய்யுங்கள், அது போதும். சாரைதானே என்று நீங்களே கத்தரியை எடுக்காதீர்கள். நம் ஊரில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் விஷத்துக்கென்று செய்தது. குன்னூர் சரிவிலும் கூடலூர்த் தோட்டங்களிலும் இருக்கிற குழிவிரியன்கள் அந்தக் கணக்கில் இல்லை. கடித்தால் ஆஸ்பத்திரிக்கு உடனே போகத்தான் வேண்டும், ஆனால் கடி வாங்காமல் இருப்பது நம் கையில் இருக்கிறது.

எலிக்கு வைக்கும் பசை அட்டையைத் தயவுசெய்து வாங்காதீர்கள். அதில் ஓணான், குருவி, பாம்புக்குட்டி என்று எலியைத் தவிர எல்லாம் ஒட்டும். ஒட்டிவிட்டால் பிய்க்காதீர்கள். மீதிப் பசைமேல் மாவைத் தூவினால் இன்னும் ஒட்டாமல் இருக்கும். சமையல் எண்ணெயை விரலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தடவ, பசை இளகும். குருவிக்கு எண்ணெய் மிகக் குறைவாக. இறகு எண்ணெயில் ஊறினால் இந்தக் குளிரில் தாங்காது.

ஜன்னல் கண்ணாடியில் மோதி விழும் பறவையை, சீகாரப் பூங்குருவி மாதிரி ஒன்றை, ஓர் அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, இருட்டான அமைதியான இடத்தில் இரண்டு மணி நேரம் விட்டுவிடுங்கள். காற்றுக்கு நாலு துளை போதும். பெரும்பாலும் தெளிந்துவிடும், வெளியே கொண்டுபோய்த் திறந்தால் பறந்துவிடும். முள்கம்பியில் சிக்கிய வௌவாலை மட்டும் வெறும் கையால் தொடவே கூடாது. 2018இல் கோழிக்கோட்டில் நிபா வைரஸ் காய்ச்சல் வந்தது பழந்தின்னி வௌவாலிடமிருந்து. நம் கூடலூரும் பந்தலூரும் மலப்புரம், வயநாட்டை ஒட்டி இருக்கின்றன. குரங்கு, கீரி, நரி எது கீறினாலும் கடித்தாலும் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே வெறிநாய்க்கடிக்குப் போடும் ஊசியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கொழுந்து எடுக்கும்போது செடிக்கடியில் சிறுத்தைக் குட்டி கண்ணில் படுவதும் உண்டு. பாவம், அநாதை என்று வீட்டுக்குத் தூக்கிவந்து பால் கொடுப்பார்கள். அது அநாதை இல்லை. தாய் ராத்திரி வந்து வேறு இடத்துக்கு வாயில் கவ்விக்கொண்டு போகும். வேலையை அந்தப் பகுதியில் நிறுத்திவிட்டு விலகுங்கள். ஏற்கெனவே எடுத்துவிட்டீர்கள் என்றால் எடுத்த அதே இடம் எது என்று வனத்துறைக்குச் சரியாகக் காட்டுங்கள். அவர்கள் அங்கேயே திருப்பி வைத்தால் தாய் பெரும்பாலும் வந்து எடுத்துக்கொள்ளும். மனித வாடை பட்டால் தாய் சேர்க்காது என்பதை நம்பி யாரும் குட்டியை வளர்க்க ஆரம்பிக்க வேண்டாம்.

ஊட்டிப் பக்கம் கேரட், உருளை போடுகிற விவசாயிகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பாலித்தீன் ஷீட் விரித்த தண்ணீர்க் குட்டைகள் நிறைய வந்துவிட்டன. தண்ணீர் குடிக்க இறங்கும் கடமானும் முள்ளம்பன்றியும் வழுக்கி உள்ளே போனால் ஏற முடியாது. நீந்தி நீந்திக் களைத்துச் சாகும். பழைய டயர்களைக் கயிற்றில் கோத்துக் கரையிலிருந்து தண்ணீருக்குள் தொங்கவிட்டால், அல்லது தேங்காய் நார் விரிப்பு ஒன்றைக் கட்டிவிட்டால் அதைப் பிடித்து ஏறிவிடும். பெரிய செலவில்லை. வேலிக்குப் பழைய சேலை கட்டுகிறவர்கள் இழுத்துக் கட்டுங்கள். தளர்ந்து தொங்கும் சேலையில்தான் கடமான் கொம்பு சிக்கும்.

கடைசியாக, புதைத்துவிட்டீர்களே, அது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி செத்துக் கிடக்கும் காட்டு மிருகமும் அரசாங்கத்தின் சொத்து. உயிரோடு உங்கள் கைக்கு வந்தாலும் செத்து வந்தாலும் 48 மணி நேரத்துக்குள் போலீஸ் நிலையத்திலோ வனத்துறையிலோ சொல்லியாக வேண்டும். பிடிப்பதும் விரட்டுவதும்கூட அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் வரும். இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. இன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே போய், எனக்கு எழுதிய மாதிரியே ஒளிக்காமல் சொல்லுங்கள். யாரோ போய்ச் சொல்லி அவர்கள் உங்களைத் தேடி வருவதற்கும் இதற்கும் நிறைய வித்தியாசம். போகும்போது வனவர், வனக்காப்பாளர் இருவரின் போன் எண்ணையும் வாங்கி, வேலையாட்கள் சாப்பிடும் இடத்தில் சுவரில் எழுதி வையுங்கள். ராத்திரி யாரும் எடுக்கவில்லை என்றால் தீயணைப்புக்கு 101, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077.

குழிக்கு ஸ்லாப் போட இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவரை சுற்றிலும் நாலடி உயரத்துக்குத் தகர ஷீட் நிறுத்துங்கள். பலகையை உள்ளே சாய்த்தே வைத்திருங்கள். சென்ட்ரிங் வேலைக்கு வேண்டும் என்று யாராவது எடுத்துக்கொண்டு போவார்கள், சாயந்திரம் வேலை முடிந்ததும் இருக்கிறதா என்று ஒரு முறை பாருங்கள்.